நர்சம்மாவின் பெயர்

ஜூன் 6

அன்புள்ள பெரியவளுக்குச் சின்னவள் எழுதுவது.

வந்து சேர்ந்தேன், தங்க இடம் கிடைத்தது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இந்த மூன்றையும் எழுதிவிட்டுத்தான் மற்றக் கதையைத் தொடங்க வேண்டும் என்று பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிரட்டினாய். எழுதிவிட்டேன். இனி கதை.

கடை ஐந்து மாடி. என்னை வாசலுக்கு நேர் எதிரே சென்ட் விற்கும் கவுன்டரில் நிறுத்தியிருக்கிறார்கள். சின்னச் சின்ன அட்டைத் துண்டில் சென்டைத் தெளித்து, வருகிறவர் போகிறவர் மூக்குக்கெல்லாம் நீட்டுவதுதான் வேலை. மத்தியானத்துக்குள் எனக்கு எந்த வாசனையும் தெரியாமல் போய்விடுகிறது. சாப்பாடுகூட அந்த அட்டை மாதிரிதான் இருக்கிறது.

சேர்ந்த அன்று சூப்பர்வைசர் அம்மா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"உன் பேரைக் கேட்டேம்மா. உங்க அம்மா பேரை இல்ல."

"என் பேரேதாங்க அது."

"இந்தப் பேரை நெஞ்சுல குத்திக்கிட்டு நீ இங்க நின்னா, மூட்டு வலித் தைலம் விக்கிறோம்னு நெனச்சுக்குவாங்க."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பேட்ஜை எடுத்தார். போன மாதம் வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணுடையது. இரண்டே எழுத்தில் ஒரு பெயர். "இது சும்மாதான் கெடக்கு, குத்திக்கோ" என்றார். குத்திக்கொண்டேன். ஓரத்தில் போனவளுடைய நகக்கீறல்கூட இருக்கிறது. இப்போது கடையில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் திரும்புவதில்லை. காது மந்தம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. பெயருக்குச் சொந்தக்காரரான நர்சம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரோ என்று முதலில் உறுத்தியது. அவர் போய்ச் சேர்ந்தே பல வருடம் ஆயிற்றே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

உன்,
சின்னவள்

&nbsp;

ஜூன் 15

அடி சின்னவளே,

உன்னைவிட இரண்டு நாள் மூத்தவள் என்கிற உரிமையில் திட்டுகிறேன், கேட்டுக்கொள். அடுத்தவள் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட நீ போட மாட்டாய். அடுத்தவள் கழற்றிப் போட்ட பெயரை மட்டும் எப்படிப் போட்டுக்கொண்டாய்?

உன் அம்மாவும் என் அம்மாவும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து, டாக்டரும் வராமல், உயிர் போய் உயிர் வந்தபோது நம்மை வெளியே எடுத்தவர் அந்த நர்சம்மா. நன்றி சொல்ல வேறு வழி தெரியாமல் இரண்டு வீட்டிலும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்போதே அவருக்குத் தலை முழுக்க நரை. பெயரும் அவரோடு சேர்ந்து நரைத்துப் போயிருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்து "நான்தான்" என்போம். வகுப்பே சிரிக்கும். அதற்குப் பிறகுதானே நம்மைப் பெரியவள், சின்னவள் ஆக்கினார்கள்? நீ பக்கத்தில் எழுந்து நின்றதால் அந்தச் சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை. தனியாக எழுந்திருக்க வேண்டியிருந்தால் நானும் என்றைக்கோ பேரை மாற்றியிருப்பேன். அதனால் உன்னை ரொம்பவும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு அதே வேலைதான். வெளி நோயாளிகள் பகுதியில் டோக்கன் வாங்கியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பொழுது போக எனக்கு நானே ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பெயரைப் பார்த்ததும் எழுந்து வரப்போவது எப்படிப்பட்ட ஆள் என்று மனதுக்குள் பந்தயம் கட்டுவேன். முக்கால்வாசி நான்தான் ஜெயிப்பேன். சில பெயருக்கு வழுக்கைத் தலை வரும். சில பெயருக்கு ரிப்பன் கட்டிய பின்னல் வரும். நேற்று நம் பெயர் வந்தது! குரலை உயர்த்திக் கூப்பிட்டேன். பல்லெல்லாம் போன ஓர் அம்மா தடியூன்றி வந்தார்.

"உங்க பேருதாம்மா எனக்கும்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயோ பாவம்! இந்த வயசுல உனக்கெதுக்குடி இந்தக் கஷ்டம்?" என்றார்.

கடையில் எதை வேண்டுமானாலும் குத்திக்கொள். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடு, அவ்வளவுதான் சொல்வேன்.

உன்,
பெரியவள்

&nbsp;

செப்டம்பர் 20

அன்புள்ள பெரியவளுக்கு,

பதில் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்துக்கு மீசை உண்டு.

எங்கள் கவுன்டருக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் விற்பனை அதிகாரியாக இருக்கிறார். பாதி நாள் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. ஊரில் இருந்தால் கடைக்கு வந்துவிடுவார். முதல் நாள் பேட்ஜைப் பார்த்து, "இந்தப் பேருக்காகவே உங்க கவுன்டருக்கு ரெண்டு பெட்டி கூடுதலா அனுப்பலாம்" என்றார். நல்ல பேச்சுக்காரர். நன்றாக உடுத்துவார். எனக்கென்று வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்ததும், "இனிமே நான் இருக்கேன்" என்றார். இதைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா, பெரியவளே? அம்மா போன பிறகு உன்னைத் தவிர யாரும் சொன்னதில்லை.

உண்மைப் பெயரை மறைப்பது சரியில்லை என்று போன வாரம் சொல்லிவிட்டேன். நர்சம்மா கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "நல்லவேளை, இதை மொதல்ல சொல்லியிருந்தா நான் ஓடியே போயிருப்பேன்" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு வேடிக்கை கேள். உன் கடித உறையின் பின்னால் அனுப்புநர் பெயரைப் பார்த்துவிட்டு, "உனக்குப் பேரு வெச்ச அந்தக் கெழவி இன்னும் உயிரோட இருக்கா?" என்றார். உன்னை நர்சம்மா என்று நினைத்துவிட்டார்! திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். ஏனோ சொல்லவில்லை. கிழவியாக நீ கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயேன்.

உன்,
சின்னவள்

&nbsp;

அக்டோபர் 2

அடி கள்ளி,

இடுப்பு வலி, கண் பார்வை மங்கல், காலையில் எழுந்தால் முழங்கால் மடங்குவதில்லை. இருந்தாலும் உனக்காக இந்தக் கிழவி பேனாவைப் பிடித்திருக்கிறேன், குழந்தாய்!

விளையாட்டு போதும். உனக்கு ஒருவர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். பெயரைக் கேட்டதும் மாப்பிள்ளையின் மாமா, "சரி, பெரியவங்களை அப்புறம் பாத்துக்கலாம், பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதெல்லாம் பேரைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. உன்னவர் சிரித்தது அப்படியா, அல்லது உன்னைப் பார்த்துச் சிரித்தாரா? நீ பக்கத்தில் இருந்தவள், உனக்குத்தான் தெரியும்.

இப்படிக் கேட்டால் பொறாமை என்பாய். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவளுக்குப் பொறாமை இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. அதையும் மீறித்தான் கேட்கிறேன்.

உன்,
பெரியவள்

&nbsp;

ஜனவரி 28

அன்புள்ள பெரியவளுக்கு,

கல்யாணம் முடிந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில், அவருடைய நண்பர்கள் இருவர் சாட்சியாக. உன்னை அழைக்காததற்கு அடி, உதை, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். எல்லாம் அவசரமாக நடந்துவிட்டது.

அதற்கு முன்னாலேயே என் பெயரைச் சட்டப்படி மாற்றியாயிற்று. இப்போது எல்லா அட்டையிலும் அந்த இரண்டெழுத்துப் பெயர்தான். யாரோ ஒருத்தியின் பேட்ஜில் இருந்தது இன்று நானாகவே ஆகிவிட்டது. அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ, என்ன செய்கிறாளோ என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன்.

கடை வேலையை விட்டுவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மாடி வீடு. நல்ல காற்று. படிதான் ரொம்பச் செங்குத்து. பகலெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பழைய பேப்பர் படிக்கிறேன்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். வலது கையில் இரண்டு விரல் ஒடிந்துவிட்டது, வேறெங்கும் அடி இல்லை, அதனால் இடது கையால் எழுதுகிறேன். அன்றைக்குப் படியில் வழுக்கிவிட்டது. உன் கடிதங்களை மட்டும் அவர் பிரிப்பதில்லை. கிழவி என்ன எழுதிவிடப் போகிறாள் என்று அப்படியே மேசைமேல் போட்டுவிடுகிறார். அதனால் அடிக்கடி எழுது.

உன்,
சின்னவள்

&nbsp;

பிப்ரவரி 5

சின்னவளே,

ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். படியில் விழுந்தவர்களை நான் பார்க்காத நாள் இல்லை. முட்டி பெயர்ந்து வருவார்கள், முழங்கை வீங்கி வருவார்கள், நெற்றியில் கட்டோடு வருவார்கள். விரல்கள் மட்டும் ஒடிந்து, வேறெங்கும் ஒரு கீறல் இல்லாமல் எவரும் படியில் விழுந்து நான் பார்த்ததில்லை. அப்படி வருகிறவர்களுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார்.

நான் சொல்வது தப்பாக இருந்தால் எனக்கு இரண்டு பக்கம் திட்டி எழுது. சரியாக இருந்தால் ஒரே வரி போதும்.

பொய் மட்டும் எழுதாதே. நம்மிடம் ஒரு பெயர்தான் இருந்தது, அதையே இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டோம். இதையுமா என்னிடம் மறைப்பாய்?

பெரியவள்

&nbsp;

பிப்ரவரி 19

பெரியவளே,

நீ சொன்னது சரி.

ஒரு வரி போதும் என்றாய். எழுத ஆரம்பித்ததும் நிற்கவில்லை. தெருவில் பழைய கடைத் தோழியைப் பார்த்துச் சிரித்தேன், அதற்கு ஒருமுறை. சாப்பாடு ஆறிப் போயிற்று, அதற்கு ஒருமுறை. இப்போதெல்லாம் காரணமும் வேண்டியிருப்பதில்லை. ஊருக்குப் போகும்போது கதவை வெளியில் பூட்டிக்கொண்டு போகிறார். இன்னொரு சாவி பழைய ஜாடிக்குள் இருப்பது எனக்குத் தெரியும், அவருக்கு மறந்துவிட்டது. உன் கடிதங்களுக்குப் பதில் போடுவது அப்படித்தான்.

இதையெல்லாம்விட எனக்குத் தாங்காத ஒன்றைச் சொல்கிறேன். நல்ல மனநிலையில் இருந்தால் பேட்ஜ் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் நம் பெயர். நீட்டி, குரலை நடுங்கவைத்து, கிழவியைக் கேலி செய்கிற மாதிரி. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறேன். பழகிவிட்டது. நம் அம்மாக்கள் நன்றி சொல்லி வைத்த பெயர், பெரியவளே.

போன வாரம் படியின் உச்சியில் என்னை நிறுத்தினார். "யார்கிட்டயாவது வாயத் தெறந்தே, இங்கேருந்து ஒரே தள்ளு. வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னா ஊரே நம்பும்" என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

நான் அங்கே வந்துவிட வேண்டும். எங்கேயாவது ஓர் அறை பார்ப்பாயா? அந்த அறையை என் பெயரில் போடு, என் உண்மைப் பெயரில். யாராவது ஒருவர் அந்தப் பெயரை நல்லபடியாகச் சொல்லி என்னைக் கூப்பிட வேண்டும். ஒரு தடவை கேட்டுவிட்டால் பயம் தெளிந்துவிடும் போலிருக்கிறது.

சின்னவள்

&nbsp;

மார்ச் 1

என் சின்னவளே,

உன் கடிதத்தை மருந்துக் கிடங்கில் நின்று படித்து, அங்கேயே அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதிப் பேரைக் கூப்பிட்டேன். அழுதது போதும். இனி வேலை.

எங்கள் வீட்டுக்கு வராதே. அண்ணனிடம் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், நமக்கெதுக்கு?" என்றார். உன்னை வாசலில் பார்த்தால், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கடைக்கு ஓடி உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட நல்லவர்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் பெண்கள் விடுதி இருக்கிறது. நேற்று வார்டன் அம்மாவைப் பார்த்தேன். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர் போல் கண்டிப்பு, ஆனால் மனசு நல்ல மனசு. அறை மாடியில்தான் இருக்கிறது என்றார். என் பெயரை அவர் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் எல்லாரும் கூப்பிடுவது போல டோக்கன் அக்கா என்றுதான் அவருக்கும் என்னைத் தெரியும். தங்கப் போகிறவர் பெயரைச் சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது.

"அடடா, வயசானவங்களா? படி ஏற முடியாதே அவங்களால! கீழ என் ரூமுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. யாருக்கும் குடுக்குறதில்ல. அவங்களுக்குன்னா தர்றேன்" என்றார்.

நான் திருத்தவில்லை! உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல நாளைக்குப் பிறகு அந்தப் பெயர் நமக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது, கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். வார்டனுக்குப் பக்கத்து அறை என்றால் உனக்கும் பாதுகாப்பு. நீ வந்ததும் உன்னை அவர் முன்னால் நிறுத்தி, "இதோ உங்க கெழவி" என்று சொல்வேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டேன். காலையிலிருந்து விடுதி வாசலில் நிற்பேன். உன் பள்ளிச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொள். அதில்தான் நம் பெயர் இருக்கிறது.

உன்,
பெரியவள்

&nbsp;

மார்ச் 8

பெரியவளே,

வருகிறேன். வெள்ளிக்கிழமை. கிழவி வருகிறாள் என்று சொல்லிவை!

சான்றிதழ் அவருடைய பீரோவில் இருக்கிறது. பூட்டியிருக்கிறார். முயற்சி செய்கிறேன். கிடைக்காவிட்டால்தான் என்ன, நீ பக்கத்தில் இருப்பாயே.

வகுப்பில் எழுந்து நின்ற மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து "நான்தான்" என்று சொல்லுவோம்.

உன்,
சின்னவள்

&nbsp;

மார்ச் 12, உன் ஊர் பஸ் நிலையம்

பெரியவளே,

கோபித்துக்கொள்ளாதே. இன்று புதன்கிழமை என்று தெரியும். காலையில் அவருக்குத் திடீரென்று வெளியூர் வேலை வந்துவிட்டது. நாளை இரவுதான் வருவேன் என்று சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருப்பாராம். இதை விட்டால் வேறு வழியில்லை என்று ஜாடிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பீரோ திறக்கவில்லை. கையில் புதுப் பெயர் போட்ட அட்டை மட்டும்தான்.

பஸ் வழியில் நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் உன் பகுதி மூடியிருந்தது. நேராக விடுதிக்குப் போனேன். நம் பெயரைச் சொல்லி, எனக்கு அறை போட்டிருக்கிறது என்றேன். வார்டன் அம்மா என் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் பழைய தடம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தார். அட்டையைக் கேட்டார். கொடுத்தேன்.

"இதுல வேற பேரு இருக்கே?"

மாற்றியதைச் சொன்னேன். பேட்ஜ் கதையெல்லாம் சொன்னேன். அறை பேசியவள் பெயரும் அதேதான் என்றேன், டோக்கன் அக்கா என்று சொல்ல அப்போது தோன்றவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது.

"இங்க பாரும்மா, அது ஒரு வயசான அம்மாவுக்குன்னு வெச்சிருக்கிற ரூம். அவங்க வெள்ளிக்கெழம வர்றாங்க. பெரியவங்க பேரைச் சொல்லி ஏமாத்தாதே. நாளைக்குப் பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா, பேசலாம்" என்றார். திட்டவில்லை. அவர்மேல் தப்பில்லை.

உன் தெருமுனைவரை வந்தேன். உன் அண்ணன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் மறைவில் நின்று பார்த்தேன். நீ வெளியே வரவே இல்லை.

இங்கே பெஞ்சில் இரவைக் கழிக்கப் பயமாக இருக்கிறது. இரண்டு பேர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கடைசி பஸ்ஸில் திரும்பிப் போகிறேன். அவர் நாளை இரவுதானே வருவார், அதற்குள் எதுவும் நடக்காதது போல் இருந்துவிடுவேன். வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இங்கேயே பெட்டியில் போடுகிறேன், நாளை மறுநாள் உனக்குக் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமை வாசலில் நிற்காதே.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கீழ் அறையை எட்டிப் பார்த்தேன். நல்ல அறை.

உன்,
சின்னவள்

&nbsp;

மார்ச் 20

மதிப்பிற்குரிய நர்சம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்களைப் பற்றி என் மனைவி அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கள் முகவரியை உறையின் பின்புறம் பார்த்து எழுதுகிறேன்.

வருத்தமான செய்தி. இம்மாதம் 13ஆம் தேதி விடியற்காலை என் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்துவிட்டாள். வேலை சீக்கிரம் முடிந்து முதல் நாள் இரவே நான் வீடு திரும்பியிருந்தேன். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. எல்லாம் அன்றே முடிந்துவிட்டது.

அவளைப் பூமிக்குக் கொண்டுவந்த கை தங்களுடையது என்பதால் தெரிவிப்பது கடமை என்று பட்டது. இந்தத் தள்ளாத வயதில் தாங்கள் பயணம் எதுவும் மேற்கொள்ள வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே அவளுக்காகப் பிரார்த்தியுங்கள். இனி கடிதங்கள் அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை வேண்டும்,
அவள் கணவன்

&nbsp;

மார்ச் 29, உன் ஊர்

என் சின்னவளே,

இதற்கு நீ பதில் எழுதப் போவதில்லை. இருந்தாலும் உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

நீ பஸ் நிலையத்தில் எழுதியது எனக்குச் சனிக்கிழமைதான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் விடுதி வாசலில் நின்றேன், நான் ஒரு முட்டாள். மாலையில் வார்டன் அம்மா வெளியே வந்து, "அந்த அம்மா இன்னும் வரலையே, வழியில என்ன கஷ்டமோ" என்று கவலைப்பட்டார். என்னை உள்ளே அழைத்துப் போய் அறையைக் காட்டினார். கட்டிலின் கால்களை வெட்டித் தாழ்த்தியிருந்தார். பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருந்தார். குளியலறையில் கிழவி வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று சாக்கு விரித்து, பிடித்துக்கொள்ள நாற்காலி போட்டிருந்தார். பிறகு, "புதன்கெழம ஒரு சின்னப் பொண்ணு வந்து அந்தப் பேரைச் சொல்லிப் பொய் பேசிச்சு, அனுப்பிட்டேன்" என்றார். நான் அந்தச் சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது நீ உயிரோடு இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு அவர் அந்த அறைக்குள் போவதே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "வயசானவங்க இல்ல, என் வயசுதான், என் பேருதான்" என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நீ இன்றைக்கு அந்தத் தாழ்ந்த கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாய். சிரிப்புக்காக விட்டுவிட்டேன். நம் இருவருக்கும் அந்தச் சிரிப்பு அவ்வளவு பழக்கமாகிப் போயிருந்தது.

அழுதது போதும், இனி வேலை என்று முன்பு எழுதினேனே, அதையே மறுபடி சொல்லிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரருக்குப் பதில் போட்டேன். நர்சம்மாவாகவே போட்டேன். "மகனே, என் மனசு கேட்கவில்லை, ஒரு முறை அவள் இருந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறேன், 29ஆம் தேதி வீட்டிலேயே இரு, வயதானவளை வாசலில் காக்க வைக்காதே" என்று கை நடுங்குவது போல் எழுதினேன். கிழவிதானே என்று அவர் இப்போது வீட்டில் காத்திருக்கிறார். வரும் வழியில் தெருவில் நின்று பார்த்தேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. படி நீ சொன்னது போலச் செங்குத்துதான்.

இந்தக் கடிதத்தைக் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் போகக் கூடாது என்றார். போனால் திரும்பி வராதே என்றார். சரி என்று பையை எடுத்துக்கொண்டேன். பைக்குள் உன் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன, இடது கையால் எழுதியதும்கூட. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அந்த விரல்களைப் பற்றிக் கேட்டேன். கூப்பிட்டால் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் போகலாம். நீ வரப் போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

புகார் மனுவை உள்ளே கொடுத்தேன். எழுத்தர் அடியில் இருந்த கையெழுத்தைப் படித்துவிட்டு, "அந்த அம்மாவால நடக்க முடியாதா? அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். நான் வெளியே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடமாக ஊரையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டவளுக்குக் கூப்பிடக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது. பக்கத்தில் நீ இருப்பது போல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கதவு திறக்கிறது. காவலர் ஒருவர் வெளியே வந்து நம் பெயரைக் கூப்பிடுகிறார். நல்லபடியாகத்தான் கூப்பிடுகிறார், சின்னவளே, மரியாதையாக, பெரியவர் ஒருவரைக் கூப்பிடுவது போல. பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் திரும்பி ஒரு கிழவியைத் தேடுகிறார்கள். இனி நான் ஒருத்திதான் எழுந்திருக்க வேண்டும்.

உன்,
பெரியவள்